வேகமும் வட்டியும்

சிங்கம்புணரி என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவை சேவுகப்பெருமாள் ஐயனார் கோயிலும் தென்னை நார்க் கயிறுமே. மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும் ஆலைகளும், பிரித்த நாரைத் திரிக்கும் யந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்கிற அந்தப் பிரதேசத்தில், அவற்றின் தண்டுகள் தேய்ந்தும் பேரிங் உட்காரும் இடங்கள் தளர்ந்தும் போகும்போது சீர்செய்து கொடுக்க லேத்துப் பட்டறைகள் இருப்பதும், அந்தப் பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்து இரும்பின் குணத்தைக் கையால் அறிந்துகொண்ட பையன்கள், ஐ.டி.ஐ. சான்றிதழோடு ஓசூருக்கும் கோயம்புத்தூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறிப் போய், கம்ப்யூட்டர் ஆணைப்படி இயங்கும் சிஎன்சி லேத்துகளின் முன்னே நிற்பதும் அதிகம் பேசப்படாத சங்கதிகள். அவர்கள் நாள் முழுவதும் எதைக் கடைகிறார்கள் என்பதைவிட, எந்த வேகத்தில் கடைகிறார்கள், அந்த வேகத்தை யார் எந்தக் கணக்கின்மேல் நிர்ணயித்தார்கள் என்பதே என் மனத்தைச் சில காலமாக ஆட்கொண்டிருக்கும் கேள்வி.

லேத்தில் இரும்பு சுழல்கிறது, கருவி நகர்கிறது. சுழலும் இரும்பின் மேற்பரப்பு கருவியின் முனையைக் கடந்து ஓடும் வேகம் ஒன்று. ஒரு சுற்றுக்குக் கருவி எவ்வளவு முன்னேறுகிறது என்பது ஒன்று. ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் உள்ளே இறங்குகிறது என்பது ஒன்று. பட்டறைப் பேச்சில் இவை ஸ்பீடு, ஃபீடு, டெப்த். இம்மூன்று எண்களும் தீர்மானமாகிவிட்டால், ஒரு ஜாப் முடிய எத்தனை நேரமாகும், கருவி முனை எத்தனை ஜாப் தாங்கும், மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக வரும், மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எவ்வளவு உஷ்ணம் பிறக்கும் என்பனவெல்லாம் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இஎன்8 எஃகுத் தண்டு ஒன்றை நிமிஷத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் கடைய வேண்டுமானால் அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,590 சுற்றுச் சுழல வேண்டும். விட்டம் குறையக் குறைய, அதே வேகத்தைக் காப்பாற்றுவதற்குச் சுற்றுகள் கூடிக்கொண்டே போக வேண்டும். பழைய லேத்தில் இதற்காகக் கியரை மாற்றியும் பெல்ட்டை நகர்த்தியும் பாடுபட்டதை, இன்றைய யந்திரம் ஜி96 என்ற ஒரே கட்டளையில் தானாகவே செய்துகொள்கிறது. தண்டின் முகத்தைத் தட்டையாக்கக் கருவி விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நகரும்போது அருகில் நின்று கேட்டால், தணிந்த ஸ்தாயியில் தொடங்கும் அதன் ஒலி கணத்துக்குக் கணம் மேலேறி, மையத்தை அண்டும்போது கீச்சென்ற உச்சத்தைத் தொடும். மையத்தில் விட்டம் பூஜ்யமாவதால் கணிதத்தின்படி சுற்று எல்லையற்றதாக வேண்டும் என்பதையும், யந்திரம் சிதறாமலிருக்க ஜி50 என்ற கட்டளை அதற்கு ஓர் உச்சவரம்பு விதித்திருக்கிறது என்பதையும் அந்த ஒலியே காதுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

எந்த வேகம் உத்தமம் என்ற வினாவை முதன்முதலில் சாஸ்திர ரீதியாக எடுத்துக்கொண்டவர் ஃபிரடரிக் வின்ஸ்லோ டெய்லர் என்ற அமெரிக்கர். ஃபிலடெல்ஃபியாவிலிருந்த மிட்வேல் எஃகு ஆலையில் 1880களின் தொடக்கத்தில், ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு அவர் ஆரம்பித்த பரிசோதனை, ஆலை விட்டு ஆலை மாறி 26 வருஷம் நீண்டது. முப்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடைப்பட்ட சோதனைகள் ஏட்டில் பதிவாயின. ஏறக்குறைய 8 லட்சம் பவுண்டு இரும்பும் எஃகும் சுருளாகவும் தூளாகவும் கழிந்தன. வெட்டும் வேகத்தைப் பாதிக்கும் காரணங்கள் பன்னிரண்டு என்று வகுத்து, அவற்றுள் ஒன்றை மாற்றும்போது மற்றப் பதினொன்றையும் அசையாமல் நிறுத்திவைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலையாக இருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். இந்த உழைப்பின் நடுவே, பெத்லஹேம் எஃகு ஆலையில் மான்செல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து, சிவக்கக் காய்ந்த நிலையிலும் கூர் மழுங்காத ஹைஸ்பீடு எஃகுக் கருவியை அவர் உருவாக்கியதும், அது 1900ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் உலகத்தின் கண்முன் இரும்பைக் கடைந்து காட்டியதும் தனிக் கதைகள். 1906இல் அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக அவர் நிகழ்த்திய பேருரைதான், உலோகம் வெட்டும் கலை ஒரு சாஸ்திரமானதற்கு அஸ்திவாரம்.

அந்த சாஸ்திரத்தின் சாரம் ஒரு சிறு சூத்திரம். வெட்டும் வேகத்தோடு, கருவியின் ஆயுளை ஒரு சிறு பின்ன அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கினால் கிடைக்கும் தொகை, அந்த எஃகுக்கும் அந்தக் கருவிக்கும் மாறாத ஒன்று என்பதே அது. இன்று எங்கும் புழங்கும் கார்பைடு முனைக்கு அந்த அடுக்கு ஏறத்தாழ கால். பார்க்க எளிதாயிருந்தாலும் இந்தக் காலின் விளைவு கடுமையானது: வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் முனையின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும், இரட்டிப்பாக்கினால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஃபீடும் ஆழமும் ஆயுளை இவ்வளவு கடுமையாகத் தின்பதில்லை. ஆகையால்தான், முதலில் தண்டும் யந்திரமும் தாங்குமளவு ஆழத்தை எடுத்துக்கொள், பிறகு கேட்கப்படும் வழவழப்பு அனுமதிக்கும் மட்டும் ஃபீடைக் கூட்டு, வேகத்தைக் கடைசியில் தொடு என்ற சம்பிரதாயம், யந்திரத்தை வேலைக்கு ஆயத்தம் செய்யும் நல்ல செட்டர்களிடம் இருக்கிறது. அப்படியானால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் க்ஷேமம்தானே என்று எண்ணுவதற்கும் இடமில்லை. மெதுவாக வெட்டும்போது, மென்மையான எஃகின் துணுக்குகள் முனையில் ஒட்டி வளர்ந்து, பிய்ந்து, மீண்டும் ஒட்டி, ஜாப்பின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடுகின்றன. முறுக்குக் குறைந்தால் நழுவியும் மிகுந்தால் அறுந்தும் போகிற கயிற்றோடு நாள் முழுவதும் புழங்குகிற சிங்கம்புணரியில், இரண்டு கேடுகளுக்கு நடுவே ஒரு ஸ்தானம் உண்டு என்பதை விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்த நடு ஸ்தானம் எங்கே இருக்கிறது? இங்குதான், எஃகைப் பற்றிய வினா மெல்ல மெல்லப் பணத்தைப் பற்றிய வினாவாக மாறுகிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டறையில் யந்திரம் ஓடும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும், கூலி, மின்சாரம், தேய்மானம், கடன் தவணை எல்லாம் சேர்த்து 6 ரூபாய் ஆகிறது என்றும், இன்சர்ட் எனப்படும் நான்கு முனையுள்ள கார்பைடுத் துண்டு ஒன்றில் ஒரு முனையின் விலை 60 ரூபாய் என்றும், முனையைத் திருப்பி மாட்ட 2 நிமிஷம் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், செலவு மிகக் குறைவாக வரவேண்டுமானால் ஒரு முனை 36 நிமிஷம் உழைக்கும்படியான வேகத்தை வைக்க வேண்டும் என்று கணிதம் சொல்கிறது. அந்த வேகம் 200 மீட்டர் என்று கொண்டால், 300 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டை, சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் ஃபீடில் ஒரு தடவை கடைய ஆகும் செலவு ஏறக்குறைய 7 ரூபாய் 50 காசு. பயந்து 150 மீட்டருக்கு இறக்கினால் 8 ரூபாய் 30 காசு. பணத்தைப் பாராமல், ஒரு நாளில் அதிகபட்ச எண்ணிக்கை எடுப்பதே குறி என்றால், முனை 6 நிமிஷம் மட்டுமே உழைக்கும் 313 மீட்டருக்கு ஏற வேண்டும். நேரம் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும், செலவு 10 ரூபாய் 80 காசாகும். ஒரே எஃகு, ஒரே முனை, ஒரே யந்திரம். ஆனால் எதை மிச்சம் பிடிக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்து உத்தமமான வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

இப்போது அந்த யந்திரத்தின் கடனுக்கு வட்டி கடுமையாக ஏறிவிட்டது, நிமிஷத்துக்கு ஆகும் செலவு 6 ரூபாயிலிருந்து 12 ரூபாயாகிவிட்டது என்று கொள்வோம். உத்தமமான ஆயுள் 36 நிமிஷத்திலிருந்து 21 நிமிஷத்துக்கு இறங்குகிறது. வேகம் 200 மீட்டரிலிருந்து சுமார் 229 மீட்டருக்கு ஏறுகிறது. எஃகின் கடினத்தில் ஓர் அணுவும் மாறவில்லை. வட்டி மாறியது, அதனால் தண்டு வேகமாகச் சுழல்கிறது, சுருள் அதிக உஷ்ணத்தோடு பறக்கிறது, முன்னே நின்று அரை மணிக்கு மேல் ஒரே முனையில் ஓட்டியவன் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை முனை மாற்றுகிறான். வட்டிக் கணக்கைப் பிள்ளைப் பருவத்திலேயே விரல் நுனியில் ஏற்றி, அதைக் கொண்டே பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த நகரத்தாரின் சீமையில், முதலின் விலை லேத்தின் முனைவரை வந்து எட்டுகிறது என்பதை யாராவது உட்கார்ந்து விளக்கினால் அது உடனே விளங்கும் என்று நான் நம்புகிறேன். உத்தமமான வேகம் என்பது இரும்புக்குள் ஒளிந்திருக்கும் இரகசியம் அன்று. யாருடைய நேரத்துக்கு என்ன விலை வைக்கிறோம் என்பதற்கு இரும்பு கொடுக்கும் விடை அது. அந்த விலைப் பட்டியலில், யந்திரத்தின் முன்னே எட்டு மணியோ பன்னிரண்டு மணியோ நிற்கிறவனுடைய களைப்புக்கு ஒரு வரி ஒதுக்கிய பாடப்புத்தகத்தை நான் கண்டதில்லை.

டெய்லரின் வழியில் இதற்கு இடம் இருக்கவும் முடியாது. தொழிலாளியின் கையிலும் காதிலும் பரம்பரையாகச் சேர்ந்திருந்த அறிவைத் திரட்டி, நிர்வாகத்தின் ஏடுகளிலும், கார்ல் பார்த் என்பவர் வடிவமைத்த கணக்கு அளவுகோல்களிலும் ஏற்றி, தொழிலாளிக்கு ஆணையாக மட்டும் திருப்பிக் கொடுப்பதே அவர் கண்ட சீர்திருத்தம். அவருடைய சிரத்தைக்கும் சத்தியத்துக்கும் நான் தலை வணங்குகிறேன். இந்த ஏற்பாட்டுக்கு வணங்க மாட்டேன். 1952இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவிலுள்ள எண்களைப் படித்து இயங்கும் யந்திரம் முதன்முதலாக உலோகம் வெட்டிக் காட்டியபோது, ஆணை காகிதத்திலிருந்து நேரே இரும்புக்குப் போய்விட்டது. மனிதக் கை அதன் பாதையிலிருந்து விலகிக்கொண்டது. இன்று பல ஆலைகளில் புரோகிராமைத் திருத்தும் சாவி செட்டரிடமோ சூப்பர்வைசரிடமோ இருக்கிறது. ஆப்பரேட்டருக்கு மிஞ்சுவது ஃபீடைக் கூட்டிக் குறைக்கும் ஒரு குமிழும், சைக்கிள் ஸ்டார்ட் என்ற பொத்தானும்.

இருந்தும் அறிவு அவனை விட்டுப் போய்விடுவதில்லை. திருவிழாவுக்கு ஊர் வந்திருந்த ஓர் இளைஞன், தெரிந்தவர் ஒருவருடைய பட்டறையில் பழைய சிஎன்சி லேத்து ஓடிக்கொண்டிருக்க, என்னோடு பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு, “சத்தம் வேற மாதிரி வருதுண்ணே. இந்த டிப்பு இன்னும் ரெண்டு ஜாப்புதான் தாங்கும்” என்றான். முனை மாற்றும் நேரத்தை அறிவிக்கும் எண்ணிக்கை திரையில் இன்னும் பாக்கி இருந்தது. யந்திரம் நின்றதும் முனையைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே பார்த்தோம். வெட்டும் விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில், நகத்தால் கீறியது போன்ற வெண்பட்டை ஒன்று தெரிந்தது. அந்தப் பட்டையின் அகலம் 0.3 மில்லிமீட்டரை எட்டினால் முனையின் ஆயுள் தீர்ந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு, அது அதை நெருங்கியிருந்தது. தட்டில் கிடந்த சுருள்களை அவன் கையுறையோடு அள்ளிக் காட்டினான். ஹைஸ்பீடு எஃகுக் கருவியின் காலத்தில் சுருள் நீலமாக வந்தால் ஆசாரிகள் பதறுவார்கள். கார்பைடில் நீலச் சுருள் உஷ்ணத்தின் பெரும் பங்கைத் தானே சுமந்துகொண்டு வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம், அதனால் அஞ்ச வேண்டியதில்லை என்று சொன்ன அவனே, இந்தத் தடவை வந்த இரும்பு போன தடவையைவிடக் கொஞ்சம் கடுசு என்றும் சொன்னான். டெய்லரின் சூத்திரத்திலுள்ள மாறாத தொகை மாறிவிட்டது என்று பாடப்புத்தகம் சொல்வதையே அவன் தன் பாஷையில் சொன்னான். அவனிடம் அந்தச் சூத்திரத்தை எந்த ஆசிரியரும் எப்போதும் சொன்னதில்லை.

இவ்விடத்தில் இன்னொரு பரம்பரையைச் சொல்ல வேண்டும். அது வயலில் பிறந்தது. பல காரணங்கள் ஒரே சமயத்தில் வேலை செய்கிற விளைநிலத்தில், ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிறுத்திவைக்க முடியாது என்பதை உணர்ந்த ரொனால்ட் ஃபிஷர், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், எல்லாக் காரணங்களையும் ஒரே சமயத்தில், ஆனால் ஒரு திட்டத்தோடு மாற்றி, பிறகு கணக்கால் பிரித்தறியும் முறையை வகுத்தார். டெய்லர் பன்னிரண்டு காரணங்களோடு மல்லாடிய வழிக்கு நேர் எதிரான வழி இது. அந்தத் திட்டங்களைப் பொதுமைப்படுத்தி, 1947இல் செங்குத்து அணி என்ற கணித அமைப்பை உலகுக்குக் கொடுத்தவர், கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த சி. ஆர். ராவ். 1954-55இல் அதே கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்த ஜப்பானியர் கெனிச்சி தாகுச்சி, இத்தகைய அணிகளைத் தொழிற்சாலைக்குரிய எளிய அட்டவணைகளாக்கிப் பரப்பினார். ஸ்பீடில் மூன்று, ஃபீடில் மூன்று, டெப்த்தில் மூன்று என்று எடுத்துக்கொண்டு எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்தால் 27 தடவை வெட்ட வேண்டும். அவருடைய ஒன்பது வரி அட்டவணையில், ஒவ்வொரு வேகமும் ஒவ்வொரு ஃபீடோடும் ஒவ்வொரு ஆழத்தோடும் சரியாக ஒரு முறை சந்திப்பதால், ஒன்பது தடவையே போதும். 26 வருஷமும் 8 லட்சம் பவுண்டு இரும்பும் கேட்ட வினாவை, ஒரு சின்னப் பட்டறை ஒரு நாளில், ஒன்பது தண்டுகளில், தன் யந்திரத்துக்கும் தன் எஃகுக்கும் மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. இதை நான் அறிவு பட்டறைக்குத் திரும்பி வந்ததாகவே கருதுகிறேன்.

தாகுச்சியின் கருத்தில் இதைவிட மேலான ஒன்றும் உண்டு. சராசரியில் நல்ல பலன் கொடுக்கும் எண்களைத் தேடாதே, நம் கைக்கு அடங்காத ஏற்ற இறக்கங்கள் வந்தாலும் பலன் அதிகம் ஆடாமலிருக்கும் எண்களைத் தேடு என்றார் அவர். இன்சர்ட் விற்கும் கம்பெனியின் புத்தகத்திலுள்ள வேகம், ஒரே தரமான எஃகும் உறுதியான யந்திரமும் உள்ள இடத்துக்கு உரியது. லாரிக்கு லாரி கடினம் மாறும் இரும்பும், சாயங்காலம் தொய்ந்துவிடும் மின்சாரமும், சித்திரை வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையும் உள்ள சிவகங்கைச் சீமையின் பட்டறைக்கு, ஆடாத எண்களே முக்கியம். 40 மில்லிமீட்டர் தண்டு பத்துப் பாகை அதிகம் சூடானால் அதன் விட்டம் ஏறத்தாழ 5 மைக்ரான் விரிகிறது. பேரிங் உட்காரும் இடத்துக்கு எச்6 என்ற வரம்பில் அனுமதிக்கப்படுவதோ மொத்தம் 16 மைக்ரான். தண்டைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டரில் அளந்து சரியென்று வைத்த தண்டு, ஆறிய பிறகு வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டிருக்கும்.

நம் பொறியியல் கல்லூரிகளில் இந்த அட்டவணை நன்றாகவே தெரியும்; வருஷந்தோறும் எத்தனையோ முதுகலை மாணவர்கள் இதைக் கொண்டு ஆய்வேடு எழுதுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேற்பரப்பின் வழவழப்பை அதிகம் பாதிப்பது ஃபீடுதான் என்பது அவற்றின் முடிவு. ஆனால் இதற்கு ஒன்பது தண்டுகளை வீணாக்க வேண்டியதில்லை. சிஎன்எம்ஜி 120408 என்று பெட்டியில் எழுதியிருக்கும் இன்சர்ட்டின் கடைசி இரண்டு இலக்கங்களே அதன் மூக்கு வளைவு 0.8 மில்லிமீட்டர் என்று சொல்கின்றன. ஃபீடை ஃபீடாலேயே பெருக்கி, வளைவின் எட்டு மடங்கால் வகுத்தால், கருவி விட்டுச் செல்லும் வரிப்பள்ளத்தின் ஆழம் கிடைத்துவிடும். ஃபீடு 0.2 என்றால் 6 மைக்ரானுக்குச் சற்றுமேல், 0.1 என்றால் அதில் கால் பங்கு. வடிவியலே சொல்லிவிடும் உண்மையைப் பரிசோதனையால் மறுபடி கண்டுபிடிப்பதில் காலம் போகிறது. ஒரு முனைக்கு என்ன செலவு, ஆப்பரேட்டர் எத்தனை தடவை குனிந்து நிமிர்கிறார், அடுத்த லாரி இரும்புக்கும் இந்த எண்கள் செல்லுமா, ஒன்பது வரிக்குள் அடங்காமல் வேகமும் ஃபீடும் கூட்டுச் சேர்ந்து விளைவிப்பது என்ன என்ற வினாக்கள் கேட்கப்படாமலே நிற்கின்றன. அந்தக் கேள்விகள் பட்டறைகளில் இருக்கின்றன, கல்லூரிகளில் இல்லை.

இரண்டும் அருகருகே இருக்கும் சீமை இது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் பொறியியல் கல்லூரி தொடங்கியதும், எண்களால் இயங்கும் அந்த முதல் யந்திரம் உலோகம் வெட்டியதும் ஒரே 1952இல்தான். மாணவர்களுக்கு வருஷந்தோறும் ஆய்வுக்குப் பொருள் வேண்டும். பட்டறைகளுக்கு மேற்பரப்பை அளக்கும் கருவியும், முடிவுகளைப் பிரித்தறியக் கணக்குத் தெரிந்த ஒருவரும் வேண்டும். ஐ.டி.ஐ. பாடத்தில் டெய்லரின் சூத்திரத்துக்கும், ஒரு முனையின் விலையை ஜாப்புக்குப் பங்கிடும் கணக்குக்கும் இரண்டு வாரம் ஒதுக்கினால், ஓசூருக்குப் பஸ் ஏறும் பையன் தன் முன்னே ஓடும் வேகம் ஏன் அந்த வேகம் என்று கேட்கவும், தவறாயிருந்தால் எண்ணோடு எடுத்துச் சொல்லவும் வல்லவனாகப் போவான். கூலி பேசும்போதும் அந்தக் கணக்கு அவனுக்கு உதவும்.

பட்டறைக்காரர்களுக்கு அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நீள நோட்டை யந்திரத்தின் அருகே கட்டித் தொங்கவிட்டு, முனை மாற்றும் ஒவ்வொரு தடவையும், எந்த வேகம், எந்த ஃபீடு, எத்தனை ஜாப், தேய்ந்து போனதா உடைந்து போனதா, சத்தம் எப்போது மாறியது என்பவற்றை ஆப்பரேட்டர் தன் கையாலேயே எழுதி வரச் சொல்ல வேண்டும். அந்த நோட்டில் முதல் பத்தி, இரும்பு இறங்கிய தேதிக்கும் அதை அனுப்பிய கடையின் பில் நம்பருக்கும் உரியதாக இருக்கட்டும். முனைகள் திடீரென்று சீக்கிரம் தீரத் தொடங்கினால், பழி வேகத்தின்மேலா, ஆள்மேலா, இரும்பின்மேலா என்பதை அந்தப் பத்தியை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.